தந்தையை நிறுவுவதும் தந்தையின் சொத்தைப் பெறுவதும்: ரோஹித் சேகர் வழக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

2012 மே 29 அன்று டேராடூனில் ஒரு வீட்டில், நீதித்துறை அதிகாரிகளும் மருத்துவரும் உடனிருக்க, 86 வயது முதியவர் ஒருவரின் கையிலிருந்து ரத்தம் எடுக்கப்பட்டது. அவர் நாராயண் தத் திவாரி. உத்தரப் பிரதேசத்துக்கும் பின்னர் உத்தராகண்டுக்கும் முதலமைச்சராகவும், மத்திய அமைச்சராகவும், ஆந்திரப் பிரதேச ஆளுநராகவும் இருந்தவர். அந்த ரத்தத்தைக் கேட்டு 2008-ஆம் ஆண்டிலேயே டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனவர் 1979-இல் பிறந்த ரோஹித் சேகர். தன்னைப் பெற்ற தந்தை திவாரிதான் என்று நீதிமன்றம் அறிவிக்க வேண்டும் என்பதே அவருடைய வழக்கு. ஒரு ஊசி முனையில் முடியக்கூடிய காரியத்துக்கு நான்கு ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் ஒரே உயர் நீதிமன்றத்திலிருந்து ஒன்றோடொன்று முரண்படும் உத்தரவுகள் வந்தன, உச்ச நீதிமன்றத்தின் படியும் மிதிக்கப்பட்டது.

வயதுக்கு வந்த ஒரு மகனோ மகளோ தன் தந்தையை நிறுவக் கேட்ட வழக்குகளில் இந்தியாவில் இவ்வளவு தூரம் பேசப்பட்டது வேறில்லை. பேசப்பட்ட அளவுக்கு அது சரியாகப் புரிந்துகொள்ளப்பட்டதா என்பது வேறு கேள்வி. டிஎன்ஏ அறிக்கை கைக்கு வந்துவிட்டால் சொத்தும் தானாக வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கையோடு ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்துக்கு நடந்து, கடைசியில் கையில் ஓர் ஆய்வக அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு நிற்பவர்களின் வேதனை எனக்குப் பெரிதாகப் படுவதால்தான் இந்த வழக்கை இங்கே விரிவாக எடுத்துக்கொள்கிறேன். தந்தை யார் என்று நிறுவுவது ஒரு வழக்கு, அவருடைய வாரிசு என்று நிறுவுவது இன்னொரு வழக்கு. இரண்டுக்கும் சட்டம் கேட்கும் கேள்விகள் வேறு, சாட்சியங்கள் வேறு, காலக்கெடுவும் வேறு.

வழக்கில் கேட்கப்பட்டதும் கேட்கப்படாததும்

ரோஹித் சேகர் இரண்டு பரிகாரங்களைக் கேட்டார். திவாரியே தன்னுடைய இயற்கையான தந்தை என்ற விளம்புகை, அதாவது நீதிமன்ற அறிவிப்பு, ஒன்று. அந்த உறவை அவர் வெளியில் மறுத்துப் பேசக் கூடாது என்ற நிரந்தர உறுத்துக்கட்டளை, அதாவது தடை உத்தரவு, மற்றொன்று. பாகம் கேட்கவில்லை, ஜீவனாம்சமும் கேட்கவில்லை. ஒரு மனிதனின் சட்டத் தகுதியையோ சொத்துரிமையையோ இன்னொருவர் மறுக்கும்போது அதை அறிவித்துத் தரும்படி கேட்க 1963-ஆம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு இடம் தருகிறது. குடும்பநல நீதிமன்றம் இருக்கும் இடங்களில், ஒருவருடைய பிறப்பு சட்டப்படியானதா என்பதைப் பற்றிய விளம்புகை வழக்கை விசாரிக்கும் அதிகாரத்தை 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் அந்த நீதிமன்றத்துக்கே கொடுத்திருக்கிறது. ஆகவே, இப்படி ஒரு வழக்கைத் தொடுக்க முடியுமா என்ற கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. தொடுத்த வழக்கை எந்தச் சாட்சியத்தைக் கொண்டு நிரூபிப்பது என்பதில்தான் சிக்கல் முழுவதும் இருந்தது.

ரோஹித் பிறந்தபோது அவருடைய தாயாருக்கு வேறொருவருடன் சட்டப்படியான திருமணம் நிலைத்திருந்தது. 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு அவருக்கு எதிரே மதில் போல நின்றது அதனால்தான். செல்லுபடியாகும் திருமணம் நிலைத்திருக்கும்போது பிறந்த குழந்தையும், அந்தத் திருமணம் முறிந்து தாய் மறுமணம் செய்யாமலிருக்கையில் 280 நாட்களுக்குள் பிறந்த குழந்தையும் அந்தக் கணவனுக்கே முறையாகப் பிறந்த குழந்தை என்பதற்கு அந்தப் பிறப்பே முடிவான சான்று என்கிறது அந்தப் பிரிவு. அதை உடைக்க ஒரே வழி, கருவுற்றிருக்கக்கூடிய காலத்தில் கணவனும் மனைவியும் கூடியிருக்க வாய்ப்பே இல்லை என்று நிரூபிப்பது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தில் இதே விதி 116-ஆம் பிரிவாக ஏறத்தாழ எழுத்து மாறாமல் தொடர்கிறது.

இந்த விதியைப் பழைமை என்று எளிதில் தள்ளிவிட முடியாது. மனைவியின் நடத்தையைச் சந்தேகிக்கும் கணவன் குழந்தையைத் தெருவில் நிறுத்தாமல் இருப்பதற்காக எழுப்பப்பட்ட காவல் அது. எத்தனையோ குழந்தைகளை அது காப்பாற்றியும் இருக்கிறது. மேற்கு வங்கத்தில் ஒரு கணவன் ஜீவனாம்சம் கொடுப்பதைத் தவிர்க்க ரத்தச் சோதனை கேட்டபோது, சந்தேகத்துக்குத் தீனி போடுவதற்காக அப்படிப்பட்ட சோதனைக்கு உத்தரவிட முடியாது, கூடியிருக்க வாய்ப்பில்லை என்பதற்கு வலுவான முகாந்திரம் வேண்டும், யாரையும் கட்டாயப்படுத்தி ரத்தம் எடுக்கவும் முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1993-இல் சொன்னது. குழந்தையைக் காக்க எழுந்த அதே மதில், அந்தக் குழந்தை வளர்ந்து ஆளாகித் தன்னுடைய உண்மையான தந்தையைத் தேடும்போது அதன் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது. இந்த வழக்கில் எல்லா நீதிபதிகளும் வெவ்வேறு விதமாக எதிர்கொண்ட முரண் இதுதான்.

மறித்து நின்ற மதிலைத் தாண்டிய விதம்

வாதித் தரப்பு ஒரு முன்வேலை செய்திருந்தது. தாயாரின் கணவர் தந்தை அல்ல என்று காட்டும் டிஎன்ஏ அறிக்கையை அது நீதிமன்றத்தில் வைத்தது. சட்டம் யாரைத் தந்தை என்று அனுமானிக்கிறதோ அவரே அந்த அனுமானத்தைப் பற்றிக்கொண்டு நிற்கவில்லை. தாயாரும் மகனின் பக்கம் நின்றார். அனுமானத்தைப் பிடித்துக்கொண்டு வாதாடியவர் திவாரி ஒருவர்தான். தன் திருமணத்தைக் காக்கக் கணவன் பயன்படுத்தும் கேடயத்தை, அந்தத் திருமணத்துக்கு வெளியே நிற்கும் மூன்றாவது மனிதர் தன் பொறுப்பிலிருந்து தப்பப் பயன்படுத்தலாமா என்பது நியாயமான கேள்வி. பிற்காலத் தீர்ப்புகள் அதற்குப் போதிய கவனம் தரவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

2010 டிசம்பரில் நீதிபதி எஸ். ரவீந்திர பட் திவாரியை டிஎன்ஏ சோதனைக்கு உட்படும்படி உத்தரவிட்டார். பிறப்பின் சட்டத் தகுதி ஒன்று, இயற்கையான தந்தை யார் என்ற உண்மை இன்னொன்று என்று அவர் பிரித்தார். 112-ஆம் பிரிவு காப்பது முதலாவதை. இரண்டாவதைத் தெரிந்துகொள்ளும் உரிமை ஒரு மனிதனுக்கு உண்டு, தன் பெற்றோரை அறியக் குழந்தைக்கு உள்ள உரிமையைக் குழந்தைகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையும் ஏற்றிருக்கிறது என்பது அவருடைய வாதத்தின் சாரம். இந்தப் பிரிப்பு இல்லையென்றால் ரோஹித் சேகரின் வழக்கு அங்கேயே முடிந்திருக்கும்.

உத்தரவு வந்துவிட்டது, ரத்தம் வரவில்லை. திவாரி மேல்முறையீடு செய்தார், தோற்றார், அப்போதும் கையை நீட்ட மறுத்தார். 2011 செப்டம்பரில் வேறொரு தனி நீதிபதி, அவரை உடல்ரீதியாகக் கட்டாயப்படுத்த முடியாது, ஆனால் அவர் மறுத்ததை வைத்து அவருக்கு எதிரான ஊகத்தை நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம் என்றார். சாதாரண வழக்குகளில் இதுதான் வழக்கமான வழி. ஓர் ஆவணம் கையில் இருந்தும் ஒருவர் அதைக் காட்ட மறுத்தால், காட்டியிருந்தால் அது அவருக்குப் பாதகமாக இருந்திருக்கும் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம் அல்லவா, அதைப் போலத்தான். ஆனால் ஊகத்தின் மேல் எழுதப்பட்ட ஒரு வரியைத் தந்தை என்று வைத்துக்கொண்டு ஒரு மனிதன் வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டுமா என்று ரோஹித் தரப்பு கேட்டது. 2012 ஏப்ரல் 27 அன்று நீதிபதிகள் ஏ.கே. சிக்ரி, ராஜீவ் சஹாய் எண்ட்லா ஆகியோரின் அமர்வு அந்த உத்தரவை மாற்றியது. டிஎன்ஏ தரும் உறுதிக்கு எதிர்மறை ஊகம் ஈடாகாது, நீதிமன்ற உத்தரவை மதிக்காதவரிடமிருந்து தேவைப்பட்டால் போலீஸ் உதவியோடும் மாதிரியைப் பெறலாம் என்று அது சொன்னது. உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்து, முதியவரின் வயதைக் கருதி அவருடைய வீட்டிலேயே ரத்தம் எடுக்க ஏற்பாடு செய்தது. மே 29 வந்தது அப்படித்தான்.

ரத்தம் ஹைதராபாத்தில் இருக்கும் டிஎன்ஏ ரேகைப்பதிவு மற்றும் நோயறிதல் மையத்துக்குப் போனது. அங்கே நடப்பதை எளிமையாகச் சொல்லலாம். நம்முடைய மரபணு நூலில் சில குறிப்பிட்ட இடங்களில் ஒரே சிறு துணுக்கு திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒவ்வோர் இடத்திலும் நமக்கு இரண்டு எண்கள் உண்டு, ஒன்று தாய் தந்தது, மற்றது தந்தை தந்தது. உதாரணமாக ஓரிடத்தில் தாயின் எண்கள் 12, 14 என்றும் மகனின் எண்கள் 14, 17 என்றும் இருந்தால், 14 தாயிடமிருந்து வந்தது, ஆகவே 17 தந்தையிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். தந்தை எனப்படுபவரிடம் அந்த இடத்தில் 17 இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இப்படிப் பதினைந்துக்கும் மேற்பட்ட இடங்களில் ஒத்துப்பார்ப்பது வழக்கம். எல்லா இடத்திலும் பொருந்தினால் தற்செயல் என்று சொல்ல இடமே இருக்காது. பல இடங்களில் பொருந்தாமல் போனால் அவர் தந்தை அல்ல. தாயின் மாதிரியும் இருந்தால் கணக்கு தெளிவாகும் என்பதால் மூவரின் ரத்தத்தையும் எடுப்பது நல்லது. 2012 ஜூலை 27 அன்று மூடிய உறை நீதிமன்றத்தில் திறக்கப்பட்டது. அறிக்கையை ரகசியமாக வைக்க வேண்டும் என்ற திவாரியின் வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. திவாரியே ரோஹித்தின் இயற்கையான தந்தை என்று அறிக்கை சொன்னது. 2014-ஆம் ஆண்டு மார்ச்சில் அவரே அதை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். அதே ஆண்டு மே மாதத்தில் ரோஹித்தின் தாயாரைத் திருமணமும் செய்துகொண்டார்.

இன்று தொடுத்தால் இதே வழக்கு வெல்லுமா

வெல்லும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. 2012-க்குப் பின் சட்டம் முன்னும் பின்னுமாக நடந்திருக்கிறது. 2014-இல் உச்ச நீதிமன்றம் ஒரு ஜீவனாம்ச வழக்கில், உலகமே ஒப்புக்கொள்ளும் அறிவியல் உண்மைக்கும் சட்டத்தின் அனுமானத்துக்கும் இடையே முரண் வந்தால் அறிவியல் உண்மையே நிலைக்கும் என்றது. ஆனால் அங்கே சோதனை ஏற்கெனவே நடந்து அறிக்கையும் கோப்பில் இருந்தது. சோதனைக்கு உத்தரவிடலாமா என்ற கட்டத்தில் நீதிமன்றம் காட்டும் தயக்கம் அதனால் குறைந்துவிடவில்லை. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமை என்று அறிவித்த பிறகு அந்தத் தயக்கம் கூடியது.

2021-இல் வந்த ஒரு சொத்து வழக்கு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. தானும் மகன் என்று சொல்லிப் பெற்றோரின் சொத்தைக் கேட்ட ஒருவரை, நீ எங்கள் பெற்றோருக்குப் பிறந்தவன் இல்லை என்று மறுத்த சகோதரிகள் டிஎன்ஏ சோதனைக்கு இழுத்தார்கள். வேறு ஆவணங்களையும் சாட்சிகளையும் கொண்டு தன் வழக்கை நடத்த வாதி தயாராக இருக்கும்போது அவரைச் சோதனைக்குக் கட்டாயப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் அவரைக் காத்தது. அவர் மறுத்ததால் வரக்கூடிய ஊகத்தின் ஆபத்து மட்டும் அவருடையது. மகன் தன் பிறப்பை நிரூபிக்க ரத்தம் ஒன்றே வழியல்ல என்பது இதிலிருந்து தெரிகிறது.

2025 ஜனவரி 28 அன்று வந்த தீர்ப்புதான் பெரிய திருப்பம். கேரளத்து வழக்கு அது. 1989-இல் மணமுடித்த தம்பதியர் 2003 வரை ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள், மகன் 2001-இல் பிறந்தார், மணமுறிவு 2006-இல் நடந்தது. பிறகு தாய் மாநகராட்சிக்குப் போய், பிறப்புப் பதிவேட்டில் தந்தை பெயர் எழுதப்பட்ட கட்டத்தைத் திருத்தித் தரும்படி கேட்டார். முன்னாள் கணவரின் பெயர் இருந்த இடத்தில் வேறொருவரின் பெயரை எழுத வேண்டும் என்றார். நீதிமன்ற உத்தரவில்லாமல் அந்தக் கட்டத்தில் கைவைக்க முடியாது என்றார்கள். அந்த ஒரு கட்டத்தில் தொடங்கிய வழக்கு முன்சீப் நீதிமன்றத்திலும் மேல்முறையீட்டிலும் உயர் நீதிமன்றத்திலும் தோற்று 2011-இல் ஓய்ந்தது. பின்பு மகன் அந்த வேறொருவரிடம் ஜீவனாம்சம் கேட்ட மனு உயிர்பெற்று, குடும்பநல நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றத்திலும் மகனுக்குச் சாதகமாக நகர்ந்து, கடைசியில் உச்ச நீதிமன்றத்தில் விழுந்தது. தீர்ப்பு வந்தபோது மகனுக்கு 23 வயது.

அந்தத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், பிறப்பின் சட்டத் தகுதியையும் தந்தை யார் என்பதையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது என்றது. திருமணத்துக்குள் பிறந்தவரின் சட்டத் தகுதி நிலைக்கும்வரை அந்தக் கணவரே தந்தை. கணவனும் மனைவியும் ஒரே கூரையின் கீழ் இருந்ததே கூடியிருக்க வாய்ப்பு இருந்ததற்குப் போதுமானது. அதே காலத்தில் மனைவிக்கு வேறொருவரோடு உறவிருந்தது என்று காட்டுவது, கணவனோடு வாய்ப்பிருக்கவில்லை என்று காட்டுவதாகாது. சோதனை கேட்பவரின் தேவையோடு, கேட்கப்படுபவரின் அந்தரங்கத்தையும் மானத்தையும், தாயின் மானத்தையும் சேர்த்தே நிறுக்க வேண்டும். தீர்ப்பின் போக்கு இதுதான். அதாவது, 2010-இல் டெல்லியில் எந்தக் கதவு திறந்ததோ அந்தக் கதவு, திருமணத்துக்குள் பிறந்தவர்களைப் பொறுத்தவரை, ஏறத்தாழச் சாத்தப்பட்டுவிட்டது. தாயின் மானத்தைப் பற்றி நீதிமன்றம் காட்டிய அக்கறையை மதிக்கிறேன். ஆனால் அந்தத் தாயே மகனோடு வந்து நின்று உண்மையைச் சொல்லும்போது அவருடைய மானத்தைக் காரணம் காட்டி மகனுக்குப் பதில் மறுப்பது எனக்கு ஒப்பவில்லை. ரோஹித் வழக்கில் இருந்ததுபோல, கணவர் தந்தையல்ல என்ற அறிக்கையும் கணவரின் இசைவும் முன்கூட்டியே கையில் இருந்தால் இன்றைய நீதிமன்றம் என்ன செய்யும் என்பது இனி வரும் வழக்குகளில்தான் தெரியும்.

திருமணமாகாத தாய்க்குப் பிறந்தவருக்கு இந்த மதில் கிடையாது. அனுமானிக்கப்பட்ட தந்தை என்று யாரும் அங்கே இல்லை, ஆகவே யாருடைய தகுதியையும் சோதனை குலைக்காது. அங்கேயும் சோதனைக்கான தேவையை நிறுவத்தான் வேண்டும். கடிதம், புகைப்படம், பள்ளிச் சேர்க்கை விண்ணப்பம், பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு, உறவினரின் நேரடி அறிவு என்று முகாந்திரத்தைக் கட்டியெழுப்பிவிட்டுத்தான் சோதனையைக் கேட்க வேண்டும். அதைவிட்டுச் சோதனை மனுவையே வழக்கின் முதல் காகிதமாக வைப்பவர்கள்தான் பெரும்பாலும் தோற்கிறார்கள்.

நிறுவிய பின் சொத்து வருமா

இந்துக்களின் வாரிசுரிமையைத் தீர்மானிப்பது 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம். அதில் உறவு என்றால் என்ன என்று வரையறுக்கும் இடத்தில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. முறையான வழியில் வந்த உறவே உறவு என்கிறது 3-ஆம் பிரிவு. திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைகள் தம் தாய்க்கும் தமக்குள்ளும் உறவினராகக் கருதப்படுவார்கள் என்று ஒரு விதிவிலக்கும் தருகிறது. தந்தையை அந்த விதிவிலக்கு குறிப்பிடவில்லை. ஆகவே எந்தத் திருமணமும் நடக்காத உறவில் பிறந்த ஒருவர், ஐயத்துக்கிடமில்லாத டிஎன்ஏ அறிக்கையோடு வந்து நின்றாலும், உயில் எழுதாமல் இறந்துபோன தந்தையின் சொத்தில் வாரிசாகப் பங்கு கேட்க அந்தச் சட்டம் வழிவிடவில்லை. தாயின் சொத்தில் அவருக்கு முழு உரிமை உண்டு. இதை நான் கடுமையாகவே பார்க்கிறேன். பெற்றவர்களின் செயலுக்குப் பிள்ளை பிணை நிற்கும் இந்த ஏற்பாட்டை நாடாளுமன்றம் 1956-இல் எழுதியது, இன்றும் அது அப்படியே இருக்கிறது.

திருமணம் ஒன்று நடந்து, அது சட்டத்தில் செல்லாததாக இருந்தால் கதை மாறுகிறது. முதல் மனைவி உயிரோடிருக்கும்போது கோயிலில் தாலி கட்டிக்கொண்ட இரண்டாவது திருமணம் சட்டத்தில் செல்லாது. ஆனால் அதில் பிறந்த பிள்ளைகளை முறையாகப் பிறந்தவர்களாகவே 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு ஏற்கிறது. அவர்களுடைய உரிமை பெற்றோரின் சொத்தோடு நின்றுவிடும், மற்ற உறவினர் சொத்துக்குப் போகாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. பெற்றோரின் சொத்து என்றால் தந்தை தானே சம்பாதித்தது மட்டுமா, பூர்வீகச் சொத்தில் அவருக்கிருந்த பங்கும் சேருமா என்பதில் பல ஆண்டுகள் குழப்பம் இருந்தது. 2023 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் தீர்த்துவைத்தது. அந்தப் பிள்ளை பிறப்பால் கூட்டுக்குடும்பப் பங்காளி ஆகமாட்டார். ஆனால் தந்தை இறப்பதற்குச் சற்று முன் பாகப்பிரிவினை நடந்ததாகப் பாவித்து, அதில் தந்தைக்கு விழும் பங்கு எதுவோ அது தந்தையின் சொத்து. அந்தப் பங்கில் மற்ற வாரிசுகளோடு அவருக்கும் சம பங்குண்டு.

கணக்காகப் பார்த்தால் புரியும். பூர்வீகச் சொத்துள்ள ஒருவருக்கு முதல் மனைவியும், அவர் வழியாக ஒரு மகனும் ஒரு மகளும், செல்லாத இரண்டாவது திருமணத்தில் ஒரு மகளும் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பாவித்த பாகப்பிரிவினையில், தென்னிந்திய முறைப்படி மனைவிக்குத் தனிப் பங்கு கிடையாது. தந்தை, மகன், மகள் என மூவருக்கும் மூன்றில் ஒரு பங்கு. தந்தையின் அந்த மூன்றில் ஒன்றை மனைவி, மகன், மகள், இரண்டாவது திருமணத்து மகள் என நால்வரும் பிரித்தால் ஆளுக்குப் பன்னிரண்டில் ஒன்று. முதல் மனைவியின் பிள்ளைகளுக்கு ஆளுக்குப் பன்னிரண்டில் ஐந்து வருகிறது, இவருக்குப் பன்னிரண்டில் ஒன்று. சொத்து முழுவதும் தந்தை தன் உழைப்பில் வாங்கியதாக இருந்தால் நால்வருக்கும் ஆளுக்கு நான்கில் ஒன்று. ஆகவே இப்படி ஒரு வழக்கைத் தொடுப்பவர் தந்தை யார் என்று நிறுவுவதற்குச் செலவிடும் உழைப்பில் பாதியையாவது அந்தத் தந்தையின் சொத்து எந்த வகை என்று கண்டறியச் செலவிட வேண்டும். வில்லங்கச் சான்றும் பழைய பத்திரங்களும் இங்கே டிஎன்ஏ அறிக்கைக்குக் குறைந்தவை அல்ல.

திருமணத்துக்குச் சாட்சி இல்லை, ஆனால் இருவரும் நீண்ட காலம் கணவன் மனைவியாகவே ஊரறிய வாழ்ந்தார்கள் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. அப்படி வாழ்ந்தவர்களிடையே திருமணம் நடந்ததாக நீதிமன்றம் அனுமானிக்கலாம், அந்த அனுமானத்தை மறுப்பவர்தான் அதை உடைக்க வேண்டும். 1978-இலும், பின்னர் தமிழ்நாட்டு வழக்கொன்றிலும் உச்ச நீதிமன்றம் சொன்னதை 2022-இல் கேரளத்துப் பாகப்பிரிவினை வழக்கொன்றில் மீண்டும் உறுதிசெய்து, அப்படிப் பிறந்த மகனுக்குப் பங்கு உண்டு என்றது. குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல், பள்ளிச் சான்று, ஊரில் நடந்த சடங்குகளில் இருவரும் சேர்ந்து நின்றது என்று இந்த வழக்கு முற்றிலும் வேறு சாட்சியங்களால் கட்டப்படுகிறது.

இந்த அளவுகோல்களை ரோஹித் சேகர் மேல் வைத்துப் பார்த்தால், தந்தையை நிறுவியது எவ்வளவு பெரிய வெற்றியோ அவ்வளவுக்குச் சொத்துக் கேள்வி திறந்தே இருந்தது புலப்படும். அவர் பிறந்தபோது பெற்றோரிடையே செல்லாத திருமணம்கூட இல்லை. பின்னாளில் பெற்றோர் மணந்துகொண்டால் முன்பு பிறந்த பிள்ளையின் தகுதி மாறும் என்று சொல்லும் பிரிவு எதுவும் இந்து திருமணச் சட்டத்தில் இல்லை. அவர் கேட்டதும் பெயரை மட்டும்தான், அது கிடைத்தது.

முஸ்லிம்களுக்கு, அவர்களுடைய சட்டப் பிரிவுகளில் ஒன்றான ஹனஃபி முறைப்படி, திருமணத்துக்கு வெளியே பிறந்தவர் தாய்வழியில் மட்டும் வாரிசாவார். பிறப்பு ஐயத்துக்குரியதாக இருக்கும்போது தந்தை தன் பிள்ளை என்று ஏற்றுக்கொண்டால் அந்த ஏற்புக்குத் தனி வலிமை உண்டு. சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் நடந்து பின்னர் செல்லாது எனப்பட்ட திருமணத்தின் பிள்ளைகளுக்கு அந்தச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, மேலே சொன்ன 16-ஆம் பிரிவைப் போன்ற பாதுகாப்பைத் தருகிறது. எந்த மதத்தவராயினும், தந்தை உயிரோடிருக்கும்போதே தன் சுயசம்பாத்தியத்தில் பெயர் குறிப்பிட்டு எழுதிக்கொடுக்கும் செட்டில்மெண்ட் பத்திரம் இந்த அலைச்சல் அனைத்தையும் வெட்டிவிடும். உயிலும் அப்படியே, முஸ்லிம்களுக்கு மட்டும் மூன்றில் ஒரு பங்கு என்ற வரம்பு உண்டு. அப்படி எழுதும்போது என் பிள்ளைகளுக்கு என்று பொதுவாக எழுதாமல் பெயரும் பிறந்த தேதியும் போட்டு எழுதச் சொல்ல வேண்டும். பிள்ளை என்ற சொல்லுக்குள் யார் அடங்குவார் என்பதே பிற்பாடு வழக்காகிவிடும்.

காலக்கெடுவும் இறந்துபோன தந்தையும்

விளம்புகை கேட்கும் வழக்குக்குக் காலவரம்புச் சட்டத்தின் 58-ஆம் உறுப்பு மூன்று ஆண்டுகள் தருகிறது. வழக்குத் தொடுக்கும் உரிமை முதன்முதலாக எழுந்த நாளிலிருந்து அது எண்ணப்படும். உரிமை எழுந்த காலத்தில் சிறுவராக இருந்தவருக்கு, 18 வயது முடிந்தபின் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள் கிடைக்கும். எந்த நாளில் மறுப்பு நிகழ்ந்தது என்பதே அதனால் போராட்டமாகிறது. தந்தை நேரில் மறுத்த நாளா, வக்கீல் நோட்டீசுக்குப் பதில் வந்த நாளா, பெயரை விட்டுவிட்டு வாரிசுச் சான்று வாங்கப்பட்டது தெரிந்த நாளா என்று வாதம் நீளும். உரிமையாளராகச் சொத்தின் அனுபவத்தை மீட்கக் கேட்கும் வழக்குக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் இருப்பதை நம்பிக்கொண்டு விளம்புகைக்கான மூன்றாண்டைத் தவறவிடுகிறவர்கள் உண்டு. மறுப்புக் கடிதம் கைக்கு வந்ததும் உறையோடும் தபால் முத்திரையோடும் அதைப் பத்திரப்படுத்துவது அதனால்தான் முக்கியம்.

தந்தை இறந்துவிட்டார் என்றால் ரத்தம் கேட்க ஆளில்லை. ஆனாலும் வழக்கு இறந்துவிடுவதில்லை. உறவைப் பற்றி நேரடி அறிவுள்ளவர்கள் அதை நடத்தையில் எப்படிக் காட்டினார்கள் என்பது பாரதிய சாட்சிய அதினியத்தின் 44-ஆம் பிரிவின்படி சாட்சியமாகும். இறந்துபோன ஒருவர், தகராறு எழுவதற்கு முன்பு, உறவைப் பற்றிச் சொல்லியும் எழுதியும் வைத்தவை 26-ஆம் பிரிவின்படி ஏற்கத்தக்கவை. ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் ஓரத்தில் 'என் மூத்த மகன்' என்று அவர் கைப்பட எழுதியிருந்தால் அது அத்தகைய எழுத்துதான். அறிவியல் வழியில், தந்தையின் சகோதரரும் அவர் வழிப் பிள்ளைகளும் இசைந்தால் ஒப்பிடலாம். மகன் என்றால் தந்தைவழியில் மாறாமல் வரும் ஒய் குரோமோசோமைத் தந்தையின் சகோதரரோடு ஒப்பிடலாம், ஆனால் அது வம்சம் ஒன்று என்று காட்டுமே தவிர, அந்தச் சகோதரர்களில் எவர் தந்தை என்று காட்டாது. இறந்தவருக்கு முன்பு அறுவைச் சிகிச்சை நடந்திருந்தால் மருத்துவமனையில் சேமிக்கப்பட்ட திசுவும் உதவும். அதை அழித்துவிடாமல் காக்கும் உத்தரவை வழக்கின் தொடக்கத்திலேயே கேட்டுப் பெற வேண்டும்.

தாசில்தார் தரும் வாரிசுச் சான்றைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அதில் பெயர் இருந்தால் உரிமை வந்துவிட்டது என்றோ, விடுபட்டால் உரிமை போய்விட்டது என்றோ கொள்ளக் கூடாது. அது வருவாய்த் துறையின் விசாரணைக் காகிதம். யார் பிள்ளை என்ற தகராறு எழுந்துவிட்டால் அதைத் தீர்ப்பது உரிமையியல் நீதிமன்றமே. பெயர் விடுபட்டவர் அந்தச் சான்றின் நகலை வாங்கி, அதன் தேதியைக் குறித்துக்கொண்டு, அதற்கு முன்பே மறுப்பு நிகழவில்லையென்றால் அந்தத் தேதியிலிருந்து மூன்று ஆண்டுகளை எண்ணத் தொடங்க வேண்டும்.